தூணில் தேதி எழுதாமல் ஏறிய அத்தானுக்கு

என் அன்பு அத்தானுக்கு,

சாரல் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. மூன்று நாளாக வெயிலே இல்லை. குற்றாலம் போகிற வண்டிகள் இலஞ்சி வரை வரிசையில் நிற்கின்றன. நான் வேலைக்குப் போகிற பஸ் அரை மணி நேரம் பிந்தித்தான் வருகிறது. நீங்கள் இருந்திருந்தால் கூட்டம் சேர்வதற்கு முன்னாலேயே ஐந்தருவிக்கு ஒரு நடை போய்த் தலையைக் காட்டிவிட்டு, திரும்பும்போது அக்காவுக்கு மங்குஸ்தான் வாங்கி வந்திருப்பீர்கள். இந்த வருஷம் நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா ஒன்றை உரித்தாள், அப்படியே தட்டில் வைத்துவிட்டாள்.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உங்களுக்கு எழுதாததற்குக் காரணம் உண்டு. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னால், உங்களைப் பற்றி நடந்த விசாரணையில் அதைச் சொல்லிவிட்டேன். இப்போது எனக்கு வெட்கம் இருக்கிறது, ஆனால் பயம் போய்விட்டது. அதனால்தான் எழுத முடிகிறது.

இதை மற்றவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. குத்தாலிங்கம் அத்தான் என் அக்கா செண்பகத்தின் கணவர். ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு ஆபரேட்டர். காலையில் மோட்டார் போட்டு, வால்வு திறந்து, பிளீச்சிங் பவுடர் கலந்து, ஊருக்குத் தண்ணீர் விடுகிறவர். நான் தென்காசிப் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை எல்லாம் தப்பித்துக்கொள்ளும்.

தொட்டியின் முன்தூணில், ஆள் உயரத்தில், நீலப் பட்டை அடித்து வெள்ளையில் எழுதியிருக்கும்: ‘தொட்டி சுத்தம் செய்த நாள்.’ அதற்குக் கீழே, ‘அடுத்துச் சுத்தம் செய்யும் நாள்.’ எல்லா ஊரிலும் இது உண்டு. பல ஊர்களில் அந்தத் தேதியை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். பார்வையிட வருகிறவர்களும் தூணைத்தான் படம் எடுப்பார்கள். கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தவரை நான் கண்டதில்லை.

நீங்கள் மட்டும் அதற்கு ஒரு முறை வைத்திருந்தீர்கள். முதலில் பழைய தேதியின் மேல் நீலத்தைப் பூசி அழிப்பீர்கள். தேதிக்கான இடம் காலியாக இருக்கும். பிறகு வாளியும் பிரஷ்ஷுமாக மேலே ஏறி, தொட்டிக்குள் இறங்கி, தேய்த்துக் கழுவி, கீழே வந்து கைகால் கழுவிய பிறகுதான் புதுத் தேதி. ஒருநாள் அந்த வழியாக வந்த நான் கேலி பண்ணினேன்.

“அத்தான், தேதிய எழுதிட்டே ஏறலாம்லா? எறங்கி வந்து இன்னொரு தடவ பெயின்ட் டப்பாவத் தொறக்கணும்.”

“ஏட்டி, பாதியில மழை வந்து எறங்கிட்டேன்னு வையி. அப்போ தூணு ஒண்ணு சொல்லும், தொட்டி ஒண்ணு சொல்லும். ஊரு எத நம்பிக் குடிக்கும்?”

சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அன்று காலை அலுவலகத்தில் நான் என்ன எழுதினேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அதே மாதிரி ஏதாவது ஒன்றைத்தான் எழுதியிருப்பேன்.

அந்தத் தொட்டியின் இரும்பு ஏணி மேல்பாதியில் துருப்பிடித்துப்போயிருந்தது. படிகளைக் கையால் ஆட்டினால் ஆடும். நீங்கள் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குத் தென்காசிக்குப் போய் மனுக் கொடுத்தீர்கள், மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அந்த மனு மேலிருந்து ஒவ்வொரு மேசையாக இறங்கி, கடைசியில் என் மேசைக்கு வந்தது. உங்களுக்கு வந்த மூன்று பதில்களையும் எழுதியவள் நான்தான், அத்தான்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மாதக் கடைசியில் கூட்டம் நடக்கும். அதில் எத்தனை மனு நிலுவை என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்ல வேண்டும். ஏணியை மாற்ற எங்களிடம் வழி கிடையாது, ஆனால் மனுவை முடித்துவைக்க வழி உண்டு. பழைய கோப்பை எடுத்து, அதில் உள்ளதைப் பார்த்து அப்படியே போட வேண்டியதுதான். ‘மேற்படி பொருள் தொடர்பாகக் கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.’ கள ஆய்வுக்கு யாரும் போகவில்லை. நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் மனு முடிந்துவிடும், உங்கள் போனுக்குத் தகவல் வரும்.

முதல் தடவை சூப்பிரண்டு சாரிடம் கேட்டேன். “சார், ஏணி நெசமாவே மோசமா இருக்கு. நான் பாத்திருக்கேன்.” அவர் கெட்டவர் இல்லை. “நிதி வரட்டும்மா, மொத வேலையா அதப் பாப்போம். இப்போதைக்கு முடிச்சு வையிங்க” என்றார். முடித்து வைத்தேன். இரண்டாம் தடவை கேட்கவில்லை. மூன்றாம் தடவை உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன், உங்கள் பெயரின் ‘கு’வை நீங்கள் சுழித்து எழுதுகிற விதத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, போன பதிலையே எடுத்து ஒட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் போனை எடுத்து நீட்டினீர்கள்.

“ஏட்டி குழலி, ஏணி வெசயமா நடவடிக்கை எடுத்து முடிச்சாச்சாம். எனக்குத்தான் கண்ணு தெரியல போலுக்கு.”

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

“உரிய நடவடிக்கைன்னா என்னதுட்டி? நீ ஆபீஸ்ல இருக்கேல்லா, சொல்லு.”

“அது ஆபீஸ் பாஷ அத்தான்.”

“யாரு எழுதுதா இத?”

“யாரும் எழுதல. கம்ப்யூட்டர்ல அதுவா வரும்.”

“அதுவாவா?” என்று கேட்டு என்னைப் பார்த்தீர்கள். பிறகு அக்காவிடம் இன்னொரு தோசை கேட்டீர்கள். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் என் மானத்தைக் காப்பாற்றத்தான் தோசை கேட்டீர்களா?

வைகாசிக் கடைசியில், சீசன் முன்னேற்பாடு என்று மேலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. முந்தின நாள் காலையில் அலுவலகத்திலிருந்து உங்களுக்குப் போன் வந்தது. நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் அக்காவுக்கு முழுதும் கேட்டிருக்கிறது. ஏணி சரியில்லை, ஆளை ஏற்ற முடியாது என்று நீங்கள் சொன்னீர்கள். “உம்ம யாருவே ஏறச் சொன்னா? நாளைக்கு அவங்க வரும்போது தூணுல இன்னைக்குத் தேதி இருக்கணும், அம்புட்டுத்தான்” என்றது போன். நீங்கள் வைத்துவிட்டு, “ரெண்டு மாசமாக் கழுவல, சீசன் கூட்டமும் இந்தத் தண்ணியத்தான் குடிக்கும்” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனீர்கள். பழைய தேதியை நீலத்தால் அழித்தீர்கள். ஏறினீர்கள். மேலிருந்து நாலாவது படி கையோடு வந்துவிட்டது.

தூணின் கீழே வெள்ளைப் பெயின்ட் டப்பா மூடி திறக்காமல் இருந்தது. தேதிக்கான இடம் காலியாக இருந்தது. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது முதலில் பார்த்தது அதைத்தான்.

ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். சூப்பிரண்டு சார் விபத்து அறிக்கையின் வரைவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். என்னிடம் கொடுக்க அவருக்கே சங்கடம்தான். “நீங்க டைப் பண்ணாட்டாலும் வேற யாராச்சும் பண்ணணும்லாம்மா” என்றார். அதில் இருந்தது இது: ‘மேலே ஏறுமாறு அறிவுறுத்தப்படாத நிலையில், பணியாளர் தன் விருப்பத்தின்பேரில் ஏறியபோது, கவனக்குறைவால் தவறி விழுந்தார்.’

ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன், அத்தான். ஏறச் சொல்லவில்லை என்பது உண்மை. ஏறாமலே ஏறியதாக எழுதத்தானே சொன்னார்கள். நீங்களாகத்தான் ஏறினீர்கள் என்பதும் உண்மை. உண்மைகளை இப்படி அடுக்கிவைத்து, கடைசியில் ‘கவனக்குறைவு’ என்று ஒரு சொல்லைச் செருகி, மொத்தத்தையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ஏணி என்ற வார்த்தையே அந்தத் தாளில் எங்கும் இல்லை. தாளைத் திருப்பி அவரிடமே நீட்டினேன். டைப் பண்ண மாட்டேன் என்று சொன்னேன். வேறு ஒருவர் டைப் பண்ணினார்.

அந்தச் சொல் அலுவலகத்தை விட்டுக் கிளம்பி நம் தெருவுக்கு வரப் பத்து நாள் ஆகவில்லை. பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “பாவம், மனுசன் கவனமில்லாம ஏறிட்டாராம்லா.” உங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். ரேஷன் கடையில் அக்காவிடமே ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அன்று மத்தியானம் நான் போனபோது அக்கா அடுப்பங்கரையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

“உங்க அத்தான் கவனமில்லாத ஆளாட்டி?”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மனுக்களைப் பற்றி, பதில்களைப் பற்றி, ‘அதுவா வரும்’ என்று சொன்னதைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“மூணு தடவையும் நீதானா?”

“மூணு தடவையும் நாந்தான்க்கா.”

“அவரு கையெழுத்தப் பாத்துட்டா?”

“பாத்துட்டுத்தான்.”

“எந்திரிச்சுப் போ” என்றாள்.

போய்விட்டேன். நாலு நாள் அவள் பேசவில்லை, என் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவளே கூப்பிட்டாள். குரலில் கோபமோ அழுகையோ இல்லை.

“விசாரணையில இதச் சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“ஒன் வேலைக்கு ஏதும் வந்தா?”

“வரட்டும்க்கா.”

 பிறகு, “சரி, வா. வந்து சாப்ட்டுட்டுப் போ” என்றாள். அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை. சாப்பிட்டேன்.

விசாரணைக்குப் போகிற அன்று காலையில் பஸ் நம் தொட்டியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூணில் வெள்ளையாகத் தேதி தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிச் சாரலில் நனைந்துகொண்டே திரும்பி நடந்தேன். ‘தொட்டி சுத்தம் செய்த நாள்’ என்பதற்கு நேராகப் போன வாரத்துத் தேதி, புதுப் பெயின்ட். அடுத்த தேதியும் போட்டிருந்தது. நீங்கள் விழுந்த பிறகு யாரும் ஏறக்கூடாது என்று ஏணியின் அடிப்பாதியை வெட்டி எடுத்துவிட்டு முள் கட்டியிருக்கிறார்கள். தொட்டிக்குப் போக இப்போது குரங்குக்குக்கூட வழி கிடையாது. ஆனாலும் போன வாரம் சுத்தம் செய்தாகிவிட்டது என்கிறது தூண். தேதி, முள், வெட்டின ஏணி மூன்றும் தெரிகிற மாதிரி ஒரே படமாக எடுத்தேன்.

விசாரணை அதிகாரி என்னைவிடச் சின்னப் பெண். பொறுமையாகக் கேட்டார். சூப்பிரண்டு சார் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

“மனுதாரருக்குப் பதில் எழுதினது நீங்களா?”

“ஆமா மேடம்.”

“கள ஆய்வுக்கு யார் போனாங்க?”

“யாரும் போகல.”

“போனதா எழுதியிருக்கீங்களே?”

“பொய் மேடம். நான் எழுதின பொய்.”

அவர் பேனாவை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இது உங்க சர்வீஸ் புக்குக்குப் போகும்மா. ‘போதிய ஆய்வின்றிப் பதில் அளிக்கப்பட்டது’ன்னு போட்டுக்கலாமா?” என்று கேட்டார். எனக்கு நல்லது நினைத்துத்தான் கேட்டார். அந்த வார்த்தைகள் எனக்கு விரித்துவைத்த பாய் மாதிரி இருந்தன. தலையை ஆட்டினால் போதும், படுத்துக்கொள்ளலாம். சத்தியமாகச் சொல்கிறேன் அத்தான், ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது.

“வேண்டாம் மேடம். பொய்னே போடுங்க. என் பேரையும் போடுங்க.”

போட்டார். பிறகு படத்தைக் காட்டினேன். இந்தத் தேதியை யார் எழுதியது என்று அவர் கேட்டார்.  நான் சூப்பிரண்டு சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுவும் அதுவா வந்ததா?” என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. எனக்கு அதைக் கேட்கத் தகுதி இல்லை என்று விழுங்கிக்கொண்டேன்.

எனக்கு மெமோ வந்துவிட்டது. உண்மைக்குப் புறம்பான பதில்கள் அளித்தது ஏன் என்று பதினைந்து நாளில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். மெமோ நியாயமானது. என் விளக்கம் நாலு வரிதான்: ஆய்வுக்கு யாரும் போகவில்லை, போனதாக நான் எழுதினேன், அப்படித்தான் எங்கள் அலுவலகத்தில் எழுதுகிறோம், அதனால் ஒருவர் செத்துப்போனார். ‘அப்படித்தான் எழுதுகிறோம்’ என்பதை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பேர் வந்து பேசினார்கள். எடுக்கவில்லை. உங்கள் மேல் போட்ட ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று அக்கா தன் கையால் ஒரு மனு எழுதி, திங்கட்கிழமை தென்காசிக்குப் போய் வரிசையில் நின்று கொடுத்திருக்கிறாள். அந்த மனுவும் ஒவ்வொரு மேசையாக இறங்கி என் மேசைக்கு வரலாம். வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

இப்போது என் மேசைக்கு வருகிற மனுவில், யாரும் போய்ப் பார்க்காவிட்டால், ‘இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை’ என்று எழுதுகிறேன். சூப்பிரண்டு சார் திருப்பி அனுப்புகிறார். நான் அதையே திரும்ப வைக்கிறேன். அவர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் பக்கத்துச் சீட்டு மாரியம்மாள் நேற்று ஒரு மனுவை எடுத்துக்கொண்டு வந்து, “இதுக்கு என்னன்னு எழுதட்டும்க்கா? சாக்கடையப் போயிப் பாக்கவேயில்லையே” என்றாள். “அதையே எழுது” என்றேன். மனுவை எடுத்துக்கொண்டு தன் சீட்டுக்குப் போனாள். எழுதினாளா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவும் நானும் தொட்டிக்குப் போனோம். உங்கள் நீலப் பெயின்ட் டப்பா வீட்டில்தான் இருந்தது. அடியில் கொஞ்சம் உறைந்துபோயிருந்தது, மண்ணெண்ணெய் ஊற்றிக் குழைத்துக்கொண்டோம். நான் குடை பிடித்தேன், அக்கா பூசினாள். அந்தப் பொய்த் தேதியின் மேல் இரண்டு பூச்சு. எதிர் டீக்கடை அண்ணாச்சி இறங்கி வந்தார்.

“என்னம்மா, தேதிய அழிக்கிய?”

“மேல யாரும் ஏறல அண்ணாச்சி. அதான்.”

அவர் தூணைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். அப்புறம் முதல்முறையாக மேலே பார்த்தார்.

“அப்போ நாங்க குடிக்கது?”

“அத எங்கிட்ட கேக்காதிய” என்றாள் அக்கா. “போயி ஆபீஸ்ல கேளுங்க.”

நேற்று பதினொரு பேர் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். டீக்கடை அண்ணாச்சிதான் முன்னால் நின்றார். உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று சூப்பிரண்டு சார் சொன்னார். “என்ன நடவடிக்கை? யாரு எடுப்பா? என்னைக்கி?” என்று கேட்டார் அண்ணாச்சி. பதில் வராததால் அவர்கள் போகவில்லை, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் என் சீட்டிலிருந்து எழுந்துபோய் அவர்களோடு உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குமேல், புதன்கிழமை ஏணியை அளவெடுக்க ஆள் வரும் என்று பெயரும் கையெழுத்தும் போட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். அன்று ஆள் வருகிறாரா என்று பார்க்க நான் லீவு போட்டிருக்கிறேன்.

தூண் இப்போது நீங்கள் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. தலைப்பு இருக்கிறது, தேதி இல்லை. உங்கள் வெள்ளை பிரஷ்ஷைக் கழுவி என் கைப்பையில் வைத்திருக்கிறேன். புது ஏணி வந்து, யாராவது ஒருவர் அதில் ஏறி, தொட்டியைக் கழுவி, பத்திரமாகக் கீழே இறங்கி, கைகால் கழுவட்டும். அதுவரை அந்த இடத்தில் யார் தேதி எழுதினாலும் நானும் அக்காவும் போய் அழிப்போம், எத்தனை தடவை ஆனாலும். அவர் கழுவி முடித்த பிறகு நானே அந்தத் தேதியை எழுதுவேன், அத்தான்.

உங்களிடம் ஒரு பொய் சொன்ன, இனிச் சொல்லாத,
உங்கள் கொழுந்தியாள்
குழலி